பாலிடெக்னிக் வாத்தியார் ஓம்



ஓம் விதியை முதல் செமஸ்டரில் மனப்பாடம் பண்ணி, பரீட்சையில் எழுதி, மார்க் வாங்கியதும் மறந்து போனவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்த மனிதரை இனி மறக்கவே முடியாதபடி எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. கிடைத்த இடம் வகுப்பறை அல்ல, வால்பாறை மலைப்பாதை!

என் மாமாவிடம் ஒரு பழைய டீசல் ஜீப் இருக்கிறது. அதன் ஃப்யூயல் கேஜ் முள் எப்போதும் படுத்தே கிடக்கும். ஆட்டோமொபைல் படிக்கிற மருமகன் இருக்கும்போது மெக்கானிக் எதற்கு? டேங்க் யூனிட்டைக் கழற்றிப் பார்த்தேன். மிதவையில் ஓட்டை விழுந்து, டீசல் புகுந்து, அடியில் மூழ்கிக் கிடந்தது. கடையில் ஒரு டூப்ளிகேட் யூனிட் கொடுத்தார்கள். ஸ்க்ரூ ஓட்டை பொருந்தியது, மிதவைக் கம்பியின் நீளமும் பொருந்தியது. மாட்டியதும் முள் ஜம்முன்னு பாதிக்கு மேலே ஏறி நின்னுது. டீசல் கொஞ்சமாகத்தானே இருக்கும் என்று மாமா சந்தேகப்பட்டார். முள்ளை நம்புங்க மாமா என்று தைரியம் சொன்னவன் நான்தான்.

பொள்ளாச்சியிலிருந்து கிளம்பினோம். வண்டி ஓட ஓட முள்ளும் ஏறிக்கொண்டே போனது! கிட்டத்தட்ட ஃபுல்லைத் தொட்ட நேரத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்னு போச்சு. டேங்க் காலி. பஸ் பிடித்துக் கீழே போய் கேனில் டீசல் வாங்கி வந்து, லைனில் புகுந்த காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் பண்ணுவதற்குள் இருட்டிவிட்டது. வீடு வந்து சேரும்வரை மாமா என்னோடு பேசவே இல்லை.

மறுநாள் மல்டிமீட்டரை எடுத்தேன். பழைய யூனிட்டில் மிதவை கீழே இருக்கும்போது சுமார் 70 ஓம், மேலே இருக்கும்போது 10 ஓம். புதியதில் கீழே 10, மேலே 180! காலி டேங்கை ஃபுல் என்று கேஜ் காட்டியதில் அதன் தப்பு ஒன்றுமில்லை. அந்த 'ஓம்' என்ற சொல்லைப் பார்த்தபோதுதான், யார் இந்த ஆள் என்று தேடிப் படிக்கத் தோன்றியது.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789 மார்ச் 16 அன்று ஜெர்மனியின் எர்லாங்கன் ஊரில் பிறந்தார். அப்பா பூட்டுத் தொழிலாளி. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், ஆனால் தானாகவே கணிதம் கற்று, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தவர். ஓமுக்குப் பத்து வயதானபோது அம்மா காலமானார். 1805-ல் பல்கலைக்கழகம் போன ஓம், அங்கே நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் என்று பொழுதைக் கழித்தார். (நம்ம ஆளுதான்!) அப்பாவுக்குக் கோபம் வந்தது. படிப்பை நிறுத்தி சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே கணித வாத்தியாராக வேலை பார்த்தபடியே படித்து, 1811-ல் எர்லாங்கனில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1817-ல் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியர் வேலை. அங்கே நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. அப்பாவிடம் கற்ற கைவேலையும் கைகொடுத்தது. கம்பியின் நீளம் கூடினால் மின்னோட்டம் எப்படிக் குறைகிறது என்று அளக்க ஆரம்பித்தார். முதலில் பயன்படுத்திய மின்கலம் போகப் போக சோர்ந்துபோனதால் கணக்கு தப்பியது. பாகென்டார்ஃப் என்ற அறிஞர், மின்கலத்துக்குப் பதில் தெர்மோகப்பிளைப் பயன்படுத்தச் சொன்னார். ஒரு முனை கொதிக்கும் நீரில், மறுமுனை பனிக்கட்டியில். மின்னழுத்தம் ஆடாமல் நின்றது. வெவ்வேறு நீளமுள்ள எட்டு செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து அளந்தார். விதி கிடைத்துவிட்டது!

அவர் 1826-ல் எழுதிய சமன்பாட்டில் கம்பியின் தடை தனியாக இல்லை. சுற்றின் மற்ற பகுதியின் தடையும் அதோடு கூட்டப்பட்டிருந்தது. ஜீப்பில் நான் கோட்டைவிட்டது இதைத்தான். டேங்க் யூனிட் ஒரு பகுதி, கேஜ் இன்னொரு பகுதி. இரண்டையும் சேர்த்துத்தான் கரன்ட் ஓடும். கேஜ் எந்தத் தடைக்காகச் செய்யப்பட்டதோ, அதைத் தராத யூனிட் எவ்வளவு புதிதானாலும் பொய்தான் சொல்லும்.

இவ்வளவு கண்டுபிடித்தவருக்கு மாலை மரியாதையா கிடைத்தது? அரைச் சம்பள விடுப்பில் பெர்லின் போய், 1827-ல் புத்தகம் வெளியிட்டார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. எதிர்பார்த்த பல்கலைக்கழக வேலை வரவில்லை. 1828-ல் கொலோன் வேலையையும் விட்டார். சில வருஷம் கஷ்ட ஜீவனம். 1833-ல்தான் ஒரு நிரந்தர இடம் கிடைத்தது. எங்கே தெரியுமா? நூரெம்பர்க் பாலிடெக்னிக்கில்! 1839-ல் அதன் தலைவராகவும் ஆனார். 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் தந்தது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் அவர் ஆசைப்பட்ட பேராசிரியர் நாற்காலி கிடைத்தது 1852-ல். இரண்டே வருஷம். 1854 ஜூலை 6 அன்று மறைந்தார். 1881-ல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு தடையின் அலகுக்கு அவர் பெயரை ஏற்றது.

நண்பர்களே, நாளைக்கு ஒர்க்‌ஷாப்பில் நிற்கப்போகிறவர்கள் நாம். பழைய யூனிட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஒயரைக் கழற்றிவிட்டு, மிதவை கீழே, நடுவே, மேலே என்று மூன்று இடத்தில் தடையை அளந்து எழுதுங்கள். கடைக்கு மீட்டரோடு போங்கள். சில வண்டிகளுக்கு காலியில் 0, ஃபுல்லில் 90 ஓம். சிலவற்றுக்கு 10, 180. சிலவற்றில் எல்லாமே தலைகீழ். தலைகீழாக இருந்தால் ரெசிஸ்டர் சேர்த்துச் சரிபண்ண முடியாது, யூனிட்டையே மாற்ற வேண்டும். டேங்கின் எர்த் துரு பிடித்திருந்தால் அந்தத் தடையும் கணக்கில் சேரும், அதையும் சுரண்டிச் சுத்தம் பண்ணுங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் டேஷ்போர்டின் பின்னால் கேஜுக்கு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் உண்டு. மின்னழுத்தம் ஆடினால் அளவு தப்பும் என்பது ஓம் பட்டு அறிந்த பாடமல்லவா!

நான் கடைசியில் பழைய மிதவையின் ஓட்டையை ஈயம் வைத்து அடைத்து, அந்த யூனிட்டையே திரும்ப மாட்டினேன். முள் இப்போது உண்மை பேசுகிறது. மாமாவும் பேசுகிறார். ஆனால் டேங்கில் குச்சி விட்டுப் பார்க்காமல் மட்டும் வண்டியை எடுப்பதில்லை!

– மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன்