போர்த் தளபதி, சமாதானத்துக்குக் கை நீட்டிய கதை: யார் இந்த யிட்சாக் ராபின்?

நடுவில் பில் கிளிண்டன், இருபுறமும் கைகுலுக்கும் இருவர். 1993 செப்டம்பர் 13-ல் வெள்ளை மாளிகையில் எடுத்த அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பாலத்தீன விடுதலை இயக்கத் தலைவர் யாசர் அராபத். கை கொடுக்கத் தயங்கிய இன்னொருவர் இஸ்ரேல் பிரதமர் ராபின்.

தொடக்கத்திலேயே சமாதானவாதியா?

இல்லவே இல்லை. 1922-ல் ஜெருசலேமில் பிறந்தவர். 1948 போரில் லித்தா, ராம்லே நகரங்களிலிருந்து பல்லாயிரம் பாலத்தீனர்களை வெளியேற்றிய நடவடிக்கையில் பங்கேற்ற அதிகாரி. 1967 போரில் மேற்குக் கரையும் காஸாவும் இஸ்ரேல் வசம் போனபோது ராணுவத் தலைமைத் தளபதியே இவர்தான். 1987-ல் முதல் இன்டிஃபாடா வெடித்தபோது, பாதுகாப்பு அமைச்சராக அதைக் கடுமையாக ஒடுக்கினார்.

அப்புறம் எப்படி மாறினார்?

கல்லெறியும் ஒரு தலைமுறையை ராணுவத்தை மட்டும் வைத்து அடக்க முடியாதுன்னு அந்த ஆண்டுகளில் அவருக்குப் புரிந்தது. 1992-ல் மீண்டும் பிரதமரானார். அடுத்த ஆண்டே நார்வே வழியாக ரகசியப் பேச்சு, ஓஸ்லோ ஒப்பந்தம். இவ்வளவு போர் பார்த்தவர் என்பதால்தான் பல இஸ்ரேலியர்கள் அவரை நம்பினார்கள்.

ஒப்பந்தத்தில் என்ன இருந்தது?

இங்கேதான் நீங்கள் கவனிக்கணும். இரு தரப்பும் ஒருவரையொருவர் அங்கீகரித்தன. பாலத்தீனர்களுக்கு ஐந்தாண்டு இடைக்காலத் தன்னாட்சி. தனி நாடு பற்றி உறுதி எதுவும் இல்லை. ஜெருசலேம், அகதிகள், யூதக் குடியிருப்புகள், எல்லை எல்லாமே பிறகு பேசலாம்னு தள்ளிவைக்கப்பட்டன.

அந்த இடைவெளியை எதிர்ப்பாளர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். 1994 பிப்ரவரியில் ஹெப்ரானில் தொழுகையில் இருந்த 29 பேரை ஒரு யூதக் குடியேறி சுட்டுக் கொன்றார். ஹமாஸின் தற்கொலைத் தாக்குதல்களும் தொடர்ந்தன. குடியிருப்புகளும் வளர்ந்தன. 1994-ல் ராபின், அராபத், ஷிமோன் பெரஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் 1995 அக்டோபரில் இரண்டாம் ஓஸ்லோ ஒப்பந்தம் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் 61-59 என்றுதான் தப்பியது.

அதே ஆண்டு நவம்பர் 4. டெல் அவிவ் சமாதானப் பேரணி முடிந்து காருக்குப் போனவரை யூதத் தீவிரவாதி ஒருவர் சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டு தேர்தலில், ஓஸ்லோவை எதிர்த்த நெதன்யாகு ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

ராபின் இருந்திருந்தால் அமைதி வந்திருக்கும்னு யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தற்காலிகமாக வரைந்த கோடுகள் இன்னும் அப்படியே இருக்கு: மேற்குக் கரையில் சுமார் 60 சதவீதம் இப்போதும் முழு இஸ்ரேலியக் கட்டுப்பாட்டில்தான். அடுத்த முறை சமாதானப் பேச்சு என்று செய்தி வந்தால், யார் கைகுலுக்கினார்கள் என்பதோடு நிற்காதீர்கள். எந்தெந்தப் பிரச்னையைத் தள்ளிவைத்தார்கள், எந்தத் தேதி வரைக்கும் என்றும் பாருங்கள்.