ஏரிப் பறவைக்கும் கணக்கு எழுதிய மா. கிருஷ்ணன்

திருவண்ணாமலை மாவட்ட விவசாயம் ஏரியையும் கிணற்றையும் நம்பி நடப்பது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பிய ஆண்டில், கழனியில் நடவு நடக்கும்போதே ஏரிக்குள் இருக்கும் கருவேல மரங்களில் கொக்கும் நாரையும் வந்து உட்கார்ந்துவிடும். எந்த ஆண்டில் எந்தப் பறவை எத்தனை வந்தது, எந்த ஆண்டு முதல் வராமல் போனது என்று கேட்டால், ஊர்ப் பெரியவர்கள் ஓரளவு சொல்வார்கள். எழுதி வைத்த கணக்கு எதுவும் இருக்காது. அந்தப் பெரியவர்களுக்குப் பிறகு கேட்பதற்கும் ஆள் இருக்காது.

இப்படிக் கண்ணில் பட்டதைத் தேதி போட்டு எழுதி வைப்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்த தமிழர் ஒருவர் இருந்தார். அவர் மா. கிருஷ்ணன். வனத்துறை அதிகாரியோ கல்லூரிப் பேராசிரியரோ அல்ல. நோட்டுப் புத்தகமும் பழைய கேமராவும்தான் அவருடைய கருவிகள். இந்தியக் காட்டுயிர்களைப் பற்றி இன்று ஆராய்ச்சி செய்பவர்களும் அவர் எழுதி வைத்ததைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

மயிலாப்பூரில் நரி இருந்த காலம்

1912-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார் கிருஷ்ணன். தந்தை அ. மாதவையா, 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய நாவலாசிரியர். உப்பு, கலால் துறையில் வேலை பார்த்தவர். எட்டுப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை கிருஷ்ணன். குடும்பம் சென்னை மயிலாப்பூரில் குடியேறியது.

அன்றைய மயிலாப்பூர் இன்று நாம் பார்ப்பது போல் இல்லை. புதர்க்காடும் திறந்த வெளியுமாக இருந்தது. நரி உண்டு, வெளிமான் உண்டு, பறவைகளுக்குக் குறைவே இல்லை. 11 வயதில் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தார் சிறுவன் கிருஷ்ணன். 1925-இல் தந்தை திடீரென்று காலமானபோது அவருக்கு வயது 13.

படிப்பில் அவர் முதல் வரிசை மாணவர் இல்லை. ஆனால் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தபோது நல்ல ஆசிரியர் ஒருவர் வாய்த்தார். நீலகிரி, கொடைக்கானல் மலைத் தாவரங்களைப் பற்றி நூல்கள் எழுதிய பேராசிரியர் பைசன்தான் அவர். பைசனோடும் அவர் மனைவியோடும் அந்த மலைகளுக்குப் போய்வந்தார் கிருஷ்ணன். பைசனின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றுக்கொண்டார். செடியை அடையாளம் காண வேண்டுமானால் இலை, பூ, காய், தண்டு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பார்த்ததை வரைய வேண்டும். இந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. தாவரவியலில் முதுகலை முடித்து, சட்டமும் படித்தார். ஆனால் வக்கீல் தொழிலில் மனம் நிற்கவில்லை.

சண்டூரில் ஆடும் புறாவும்

நிரந்தர வேலை கிடைக்காமல் சில ஆண்டுகள் அலைந்தார். அச்சகத்திலும் வானொலியிலும் வேலை பார்த்தார். 1942-இல் பெல்லாரிக்கு அருகே இருந்த சண்டூர் என்ற சிறு சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலாளர் என்று பல பொறுப்புகளைப் பார்த்தார்.

உண்மையில் அவருக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது சண்டூரின் குன்றுகளும் புதர்க்காடுகளும்தான். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அங்கே சுற்றினார். செம்மறி ஆடு மேய்த்துப் பார்த்தார். செய்தி அனுப்பும் தபால் புறாக்களை வளர்த்துப் பழக்கினார். மேய்ச்சல் நிலம் என்றால் என்ன, கால்நடை எதைக் கடிக்கும், எதை ஒதுக்கும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்தது இப்படித்தான். பிற்காலத்தில் காட்டைப் பற்றி எழுதியபோதும் கிராமத்து ஆள் பார்க்கும் பார்வை அவர் எழுத்தில் இருந்ததற்கு இந்த அனுபவம் ஒரு காரணம்.

1949-இல் சண்டூர் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் அவர் யாரிடமும் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை. எழுத்தும் புகைப்படமும்தான் வருமானம். குடும்பம் உள்ளவர் எடுக்கத் தயங்கும் முடிவு அது. மனைவி இந்துமதி துணை நின்றார்.

46 ஆண்டுகள் நிற்காத பேனா

1950-இல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த 'ஸ்டேட்ஸ்மன்' ஆங்கில நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியைத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1996-இல் இறக்கும்வரை, 46 ஆண்டுகள் அதை எழுதினார். புலியும் யானையும் மட்டும் அதில் இடம்பெறவில்லை. வீட்டுக் கூரையில் ஓடும் அணில், தெருவில் திரியும் காகம், பல்லி, ஓணான், கீரி, தவளை என்று யாரும் நின்று பார்க்காத உயிர்களைப் பற்றியே அதிகம் எழுதினார். படங்களையும் தாமே வரைந்தார்.

தமிழிலும் எழுதினார். பறவை, விலங்குகளுக்கு மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயர்களை விடாமல் பயன்படுத்தினார். சங்கப் பாடல்களில் வரும் விலங்கும் பறவையும் எவை என்று ஆராய்ந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்', 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்ற தொகுப்புகளாக, அவர் இறந்தபின் வெளிவந்திருக்கின்றன. விரிவாக்கப் பணியாளர்கள் தங்கள் அலுவலக அலமாரியில் வாங்கி வைக்கத்தக்க நூல்கள் இவை.

அவருடைய கேமரா பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஒரு கேமராவின் உடலில் வேறொன்றின் லென்ஸைப் பொருத்தி, தாமே சேர்த்துக் கட்டிய கருவி அது. 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். கடைசிவரை கருப்பு வெள்ளைப் படம்தான். அழகான படம் வேண்டும் என்பதைவிட, அந்த விலங்கு அந்த நேரத்தில் என்ன செய்தது என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

வேடந்தாங்கல் சொல்லும் பாடம்

கிருஷ்ணன் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து எழுதிய இடங்களில் ஒன்று வேடந்தாங்கல். வந்தவாசிக்குக் கிழக்கே, மேல்மருவத்தூரைத் தாண்டி இருக்கிறது. நம் மாவட்டத்திலிருந்து காலையில் கிளம்பினால் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பிவிடலாம்.

அங்கே இருப்பது சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர் பரப்புள்ள சாதாரணப் பாசன ஏரி. ஏரிக்குள் நீர்க்கடம்பும் கருவேலமும் நிற்கின்றன. மழைக்குப் பின் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா எல்லாம் அந்த மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

இந்தப் பறவைகளை முதலில் காப்பாற்றியவர்கள் விவசாயிகள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுக்க வேண்டும் என்று ஊர்மக்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு அளித்து அவர் கவுல் என்னும் பட்டயம் எழுதிக் கொடுத்தார். வனவிலங்குச் சட்டம் 1972-இல்தான் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்கட்டுப்பாடு அங்கே பறவைகளைக் காத்து வந்தது.

ஊர்மக்களின் பரிவில் கணக்கும் இருந்தது. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் அதிகம். மதகைத் திறந்தால் உரம் கலந்த தண்ணீர் கழனிக்குப் பாய்கிறது. பறவைக்குக் கூடு கட்ட மரமும் நீரும் கிடைக்கின்றன. விவசாயிக்கு உரச்செலவு குறைகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நீடித்ததால்தான் ஏரியும் நிலைத்தது, பறவையும் நிலைத்தது.

இரை தேடி இந்தப் பறவைகள் பல கிலோமீட்டர் பறக்கும். சுற்றியுள்ள ஏரிகளும் கழனிகளும்தான் அவற்றின் மேய்ச்சல் நிலம். நத்தைகுத்தி நாரை வயலில் உள்ள நத்தையைத் தின்னும். உழவு ஓட்டும்போது பின்னால் வரும் உண்ணிக்கொக்கு பூச்சியையும் புழுவையும் பொறுக்கும். சுற்று வட்டாரக் கழனிகளில் நஞ்சு தெளித்து நத்தையும் தவளையும் செத்துப்போனால், சரணாலயத்துக்குள் எவ்வளவு காவல் போட்டாலும் குஞ்சுகளுக்கு இரை கிடைக்காது. வேலி போட்ட சரணாலயத்தின் தலைவிதி வேலிக்கு வெளியே இருக்கும் விவசாயியின் கையில் இருக்கிறது.

யானையைப் பின்தொடர்ந்து

1968-இல் ஜவகர்லால் நேரு நினைவு ஆய்வு உதவித்தொகை கிருஷ்ணனுக்குக் கிடைத்தது. தீபகற்ப இந்தியாவில் உள்ள பெரிய பாலூட்டி விலங்குகளைக் காடு காடாகச் சென்று ஆய்வு செய்தார். முதுமலை போன்ற காடுகளில் பழக்கிய யானை மேல் ஏறியும், நடந்தும், காட்டு யானைகளைப் பின்தொடர்ந்தார். அந்த ஆய்வைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-இல் நூலாக வெளியிட்டது. 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இந்திய வனவிலங்கு வாரியத்திலும், 1973-இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் இருந்தார்.

அணைக்கட்டு, தோட்டப்பயிர், சாலை என்று காடு துண்டாகிக்கொண்டு போவதை அவர் அப்போதே பதிவு செய்தார். யானைக்குப் பரந்த காடு வேண்டும். அது பருவத்துக்கு ஏற்ப இடம் மாறும். வழி அறுந்தால் எங்கே போகும்? இந்தக் கேள்வியின் அர்த்தம் நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். ஜவ்வாதுமலைப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த 6 யானைகளை 2013-இல் வனத்துறை பிடித்து வேறு இடங்களுக்குக் கொண்டுபோனது. அதற்கு முன்பு கரும்பும் நெல்லும் வாழையும் இழந்த விவசாயிகளின் வேதனை சிறியதல்ல. யானை எங்கிருந்து வந்தது, எந்த மாதத்தில் எந்த ஓடை வழியாக இறங்கியது என்று ஊர் ஊராகப் பதிவு இருந்தால், காவலுக்கும் இழப்பீட்டுக்கும் அது உதவும்.

உள்ளூர் மரத்துக்காக ஒரு வழக்கு

வெளிநாட்டு மரங்களை நடுவதைக் கிருஷ்ணன் கடுமையாக எதிர்த்தார். பூவின் நிறத்துக்காகச் சாலை ஓரத்தில் வைக்கும் மரமும், காட்டைத் திருத்தி நடும் தைலமரமும் அவருக்கு உவப்பில்லை. இந்த மண்ணின் பூச்சி, பறவை, விலங்கு எல்லாம் இந்த மண்ணின் மரத்தோடு சேர்ந்தே வாழ்ந்தவை. ஆல், அரசு, நாவல், இலுப்பை, வேம்பு இருந்த இடத்தில் வேறொன்றை வைத்தால் அவற்றுக்குப் பசி ஆறாது என்பது அவர் வாதம். ஒரு நாட்டின் அடையாளம் அதன் கோயிலிலும் மொழியிலும் மட்டும் அடங்கியதல்ல, அதன் மலையும் மரமும் உயிர்களும் சேர்ந்ததுதான் என்று வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார்.

மொட்டையாகக் கிடந்த அண்ணாமலையின் சரிவுகளில் கடந்த சில பத்தாண்டுகளாக மரம் நட்டு வருகிறார்கள். கிரிவலப் பாதையை ஒட்டிய காட்டில் புள்ளிமான்கள் இருக்கின்றன. மயில் அகவுவது கேட்கிறது. எந்த மரம் நட்டபின் எந்தப் பறவை வந்தது என்ற கணக்கும் சேர்ந்து வளர்ந்தால், அடுத்த மலைக்கு மரம் நடுபவர்களுக்கு அது வழிகாட்டும்.

1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி கிருஷ்ணன் காலமானார். வயது 83.

நாம் செய்யக்கூடியது

கிருஷ்ணன் செய்த வேலையைச் செய்யப் பட்டம் தேவையில்லை. விவசாயிக்கு ஒரு வசதி கூடுதலாக உண்டு. அவர் ஒரே இடத்தைத் தினமும் பார்க்கிறார்.

* ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, நேரம், இடம், என்ன உயிர், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் ஊரில் வழங்கும் பெயரையும் நிறம், அலகு, கால் எப்படி இருந்தன என்பதையும் எழுதினால் போதும்.

* ஏரி நிரம்பிய தேதி, முதல் நாரை வந்த தேதி, கூடு கட்டிய மரம், குஞ்சு பறந்த மாதம் ஆகியவற்றை ஆண்டுதோறும் குறியுங்கள். 5 ஆண்டுக் கணக்கு சேர்ந்தால் மாற்றம் தெரியும்.

* ஏரியில் கூடு இருக்கும் மரங்களை அந்தப் பருவத்தில் வெட்டாமல் இருக்க ஊராட்சியில் பேசுங்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கிராம மக்கள், பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை.

* ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். பள்ளிப் பிள்ளைகளை உங்கள் ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள்.

* பயிர்ச்சேதம் நடந்தால் விலங்கு, தேதி, பரப்பு, வந்த வழி ஆகியவற்றைப் படத்தோடு குறித்து வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்கள், உழவர் குழுக்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போது வேடந்தாங்கலையும் சேர்த்துக்கொள்ளலாம். நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். சாத்தனூர் அணைக்குப் போகிறவர்கள் முதலைப் பண்ணையைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல், தென்பெண்ணைக் கரையில் அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்து வரும் பறவைகளை எண்ணிப் பாருங்கள். வரவு செலவு எழுதும் அதே நோட்டில், இந்தக் கணக்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.