இலங்கையைக் காத்த விமானி

குமரிக் கடலுக்கு அப்பாலுள்ள கொழும்பு, நம் முன்னோர் பலர் பிழைப்புத் தேடிச் சென்ற பட்டணம். 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி, உயிர்ப்புத் திருநாள் காலையில், ஜப்பானிய விமானங்கள் அதன்மேல் குண்டு பொழிந்தன. அந்த ஆபத்தை முந்தின நாளே அறிவித்தவர் லெனார்ட் பர்ச்சல்.

1915-ல் கனடா தேசத்தில் பிறந்த இவர், இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலத் தளத்துக்கு வந்து இரண்டே நாட்கள் ஆகியிருந்தன. பெரிய சனிக்கிழமை விடியுமுன், நீரில் இறங்கவும் குண்டு வீசவும் வல்ல கட்டலினா விமானத்தில், எட்டுத் துணைவரோடு கடற்காவலுக்குப் புறப்பட்டார். மாலையில், திரும்ப வேண்டிய வேளையில், தெற்கே அடிவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. காணாதவர்போல் திரும்பியிருந்தால் ஒன்பது பேரும் பிழைத்திருப்பார்கள். அவரோ நெருங்கிச் சென்று பார்த்தார். அது, விமானந்தாங்கிக் கப்பல்களோடு இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படை.

கம்பியில்லாத் தந்தியில் செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே பகை விமானங்கள் சூழ்ந்து சுட்டன. கட்டலினா கடலில் வீழ்ந்தது. மூவர் மாண்டனர், பலத்த காயத்தால் நீரில் மூழ்கிக் குண்டுகளுக்குத் தப்ப முடியாதவரும் அவர்களில் இருந்தனர். எஞ்சிய அறுவரையும் ஜப்பானியர் சிறைபிடித்து, செய்தி அனுப்பினீர்களா என்று அடித்து வதைத்தனர். அவர்கள் இல்லையென்றே சாதித்தனர். ஆனால் செய்தி கொழும்பை எட்டிவிட்டது. துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல வெளியேறின. மறுநாள் உயிர்ச்சேதம் நேர்ந்தது. எனினும் பட்டணம் எதிரியின் வருகையை அறியாமல் உறங்கிக் கிடக்கவில்லை.

பின்னர் மூன்றாண்டுக்கு மேல் ஜப்பானில் சிறைவாசம். முகாமின் மூத்த அதிகாரி என்ற முறையில் பர்ச்சல் கைதிகளுக்காக முன்னே நின்றார். நோயாளிகளைக் கட்டாய வேலைக்கு இழுத்தபோது, அவர்களை விடும்வரை எவரும் வேலை செய்வதில்லை என்று கைதிகளைத் திரட்டினார். அதற்கான அடியையும் தண்டனையையும் ஏற்றார். இரகசியமாய் எழுதி மண்ணில் புதைத்து வைத்த அவருடைய நாட்குறிப்புகள், யுத்தம் முடிந்தபின் கொடுமை செய்தோர்மீது நடந்த விசாரணையில் சாட்சியாயின. 1945-ல் விடுதலையான அவர், 2004-ல் கனடாவில் காலமானார்.

இலங்கையைக் காத்தவர் என்று உலகம் அவரைப் போற்றியது. தலைமை என்பது அடிக்கு ஒதுங்கும் இடமன்று, எளியவருக்கு முன்னே நிற்கும் இடம் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. குடும்பத் தலைவர்களே, இதை மனதில் வையுங்கள். உயிர்ப்புத் திருநாள் இரவில் திரி ஏற்றும்போது, கரை சேராத அம்மூவருக்காகவும் ஒரு நிமிடம் செபியுங்கள்.