நகர் நலம் பேணிய கெடிஸ்

தூத்துக்குடி முதலாகத் தெற்கே மணப்பாடு வரையில் முத்துக்குளித்துறை எனப் பெயர் பெற்ற கடற்கரை ஊர்கள் பல உள்ளன. அவ்வூர்களில் வாழும் மீனவர்க்குக் கடலை விட்டு விலகிய வீடு ஒவ்வாது. வீசுவது வாடையா கச்சானா என்பதை வாயிலில் நின்றே அறிதல் வேண்டும். வலையை உலர்த்தவும் பழுது பார்க்கவும் மணற்பரப்பு வேண்டும். கரையேற்றிய வள்ளம் கண்பார்வையில் இருத்தல் வேண்டும். இவற்றை அறியாத ஒருவர், நேர்க்கோடுகளால் அழகியதொரு படம் வரைந்து, நெடுந்தொலைவில் வரிசையாக வீடுகளைக் கட்டித் தருவாராயின், அவை உறுதியாய் இருக்கலாம், மீனவர்க்குப் பயன்படா. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கடலோரத்தில் வீடமைக்க முன்வந்தோர் பலர் எதிர்கொண்ட சிக்கலும் இதுவே. வாழப்போகின்றவரைக் கேட்டே வீடும் தெருவும் அமைத்தல் வேண்டும் என்பதை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே நம் நாட்டு நகராட்சிகளுக்கு எடுத்துரைத்தவர் பேட்ரிக் கெடிஸ் என்னும் அறிஞர் ஆவார்.

கெடிஸ் 1854-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்தார். பயிர்நூற் பேராசிரியராய் விளங்கிய அவர், செடியை அதன் மண்ணோடும் நீரோடும் சேர்த்தே ஆராய்வார். மக்களையும் அங்ஙனமே நோக்கினார். 1886-இல் அன்னா மார்ட்டன் என்னும் நங்கையை மணந்தார். மறு ஆண்டே இருவரும் எடின்பரோ நகரில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பழைய குடியிருப்பொன்றில் குடிபுகுந்தனர். கற்றவர் ஒருவர் நாற்றம் மிகுந்த முடுக்கில் வாழ வந்ததைக் கண்டு உறவினர் வியந்தனர் என்றால் அதில் வியப்பில்லை! கெடிஸ் அங்கு எவர்க்கும் அறிவுரை கூறவில்லை. அயலாருடன் தாமும் சேர்ந்து முற்றத்தைப் பெருக்கினார். சுவர்க்கு வெள்ளை பூசினார். சாளரங்களில் பூச்செடி வைத்தார். பிறரும் தாமே முன்வந்தனர்.

1914-ஆம் ஆண்டு, சென்னை ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பை ஏற்று அவர் இந்தியாவுக்கு வந்தார். அவர் அரிதின் தொகுத்த நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னையின்மீது குண்டு வீசிய அதே எம்டன் கப்பல் கடலில் மூழ்கடித்துவிட்டது. அவர் மனந்தளராது புதிய படங்களைத் திரட்டி, 1915-இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார்.

பின்னர் மதுரை, தஞ்சாவூர் முதலிய நகர்களுக்குச் சென்றார். நெருக்கமான பகுதிகளில் வீடுகளை இடித்து அகன்ற நேர்த்தெரு போடுதலே அக்காலத்துப் பொறியாளர் பலர் கண்ட வழி. கெடிஸ் அதனை ஏற்றிலர். வீடிழந்தோர் வேறொரு சந்தில் சென்று நெருங்குவரேயன்றி மறைந்துவிடுவரோ? ஆதலின் அவர் சந்து சந்தாக நடந்தார்; கிணற்றையும் மரத்தையும் சிறு கோயிலையும் குறித்துக்கொண்டார்; பாழ்பட்ட சில வீடுகளை மட்டும் அகற்றிக் காற்றும் வெளிச்சமும் புக வழி காட்டினார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க முனைந்தோரிடம், அவற்றில் மீன் வளர்க்குமாறு கூறினார்.

1917-ஆம் ஆண்டு அவர்க்குக் கொடிய ஆண்டாயிற்று. மூத்த மகன் பிரான்சு நாட்டுப் போர்க்களத்தில் மாண்டான். சில வாரங்களில் மனைவியாரும் இந்தியாவிலேயே காய்ச்சலால் உயிர்நீத்தார். அத்துயரினிடையே அவர் மேற்கொண்ட பணி இந்தூர் நகரின் சீரமைப்பு ஆகும். அங்கே கொள்ளைநோய் பரவியிருந்தது. படச்சுருளும் கையுமாகத் தெருவில் வந்த கெடிஸைக் கண்டு மக்கள் அஞ்சி விலகினர். வீட்டை இடிப்பவர், நோயைக் கொணர்பவர் என்று தம்முள் பேசிக்கொண்டனர்.

நகராட்சியார் அறிக்கை அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருக்கலாம். அத்தகைய அறிக்கையைப் படிப்பவர் எத்துணைப் பேர்? கெடிஸ் வேறு வழி கண்டார். மன்னரின் இசைவு பெற்று, தீபாவளி ஊர்வலம் வழக்கமான தெருக்களில் செல்லாது, மிகத் தூய்மையாக்கப்பெற்ற தெருக்களின் வழியே செல்லும் என்று அறிவித்தார். குப்பையை நகராட்சி வண்டிகள் கட்டணமின்றி ஏற்றிச் செல்லும் என்றும் தெரிவித்தார். அஞ்சியிருந்த மக்களே போட்டியிட்டு வீட்டைப் பழுது பார்த்தனர், வெள்ளையடித்தனர், ஆயிரக்கணக்கான வண்டிக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் அழுக்கு அரக்கனும் நோய் பரப்பும் பேரெலியும் உருவங்களாக வந்தன; முடிவில் அவை தீக்கிரையாயின. நகரத் துப்புரவாளர் வெண்ணிற ஆடை உடுத்து, மலர் சூடி, அவ்வூர்வலத்தில் பெருமிதத்துடன் நடந்தனர். எவரும் கண்டுகொள்ளாத அம்மக்களுக்கு ஊர் அன்று வழிவிட்டு நின்றது. இல்லந்தோறும் வளர்க்கத் துளசிக் கன்றுகளும் வழங்கப்பெற்றன. அதன்பின் தெருவில் கெடிஸைக் கண்டவர் விலகி ஓடவில்லை. தம் குறைகளை அவரிடம் கூற முன்வந்தனர்.

இந்தூர்த் திட்டத்தை 1918-இல் இரண்டு தொகுதிகளாக எழுதி முடித்த கெடிஸ், மறு ஆண்டு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர் ஆனார். உடல்நலம் குன்றியமையால் 1924-இல் இந்தியாவை நீங்கிப் பிரான்சு நாட்டு மொன்பெலியே நகரை அடைந்து, அங்கே ஒரு கல்லூரியைத் தம் கருத்துப்படி அமைத்துவந்தார். அப்பணி முற்றுப்பெறுமுன்னரே, 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவர் மறைந்தார்.