திருவந்திபுரம் கல்யாணத்துக்குப் போனீங்களே... கீழே இருக்குற கவிஞர் வீட்டைப் பார்த்தீங்களா?

கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் பக்கத்து ஆளா நீங்க? அப்போ ஒரு கல்யாணத்துக்காவது திருவந்திபுரம் போயிருப்பீங்க. ஆவணி முகூர்த்தம்னா சொல்லவே வேணாம். மலை மேல ஒரே நேரத்துல பல ஜோடிகளுக்குத் தாலி கட்டு நடக்கும். எந்த நாதஸ்வரம் எந்த மாப்பிள்ளைக்குன்னே தெரியாது. பந்தி முடிஞ்சதும் தேவநாதப் பெருமாளை ஒரு சேவிப்பு. வேண்டுதல் இருந்தா மொட்டை. கிணத்துத் தீர்த்தத்துல உப்பு, மிளகு, வெல்லம். படிக்கட்டுல நாலு செல்ஃபி. அவ்வளவுதான், பஸ் ஏறிடுவோம்.

அந்த மலைக்குக் கீழேயே ஒரு வீடு இருக்கு. அதுக்குள்ள கோணலான செங்கல் வெச்சுக் கட்டின ஒரு கிணறு. சுமார் 700 வருஷத்துக்கு முன்னாடி இங்கே வாழ்ந்த ஒரு கவிஞர் தன் கையாலயே கட்டினதுன்னு ஊர் சொல்லுது. அவர் பேரு வேங்கடநாதன். உலகத்துக்கு அவர் வேதாந்த தேசிகர்.

பேரைக் கேட்டதும் இது தாத்தா பாட்டி சமாசாரம்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. செஸ் குதிரையை வெச்சுக் கவிதை எழுதினவர், அரசவை அழைப்பை வேண்டாம்னு சொன்னவர், பிணங்களுக்கு நடுவுல படுத்து இன்னொருத்தரோட புத்தகத்தைக் காப்பாத்தினவர். அப்படிப்பட்டவர் எழுதினதுலயே ஒரு பகுதி தொலைஞ்சுபோச்சு. அதுவும் இதே திருவந்திபுரத்தைப் பத்தி எழுதினது!

கதை எங்கே விட்டதுன்னு சொன்ன சின்னப் பையன்

1268-ம் வருஷம், புரட்டாசி மாசம், திருவோண நட்சத்திரம். காஞ்சிபுரத்துல தூப்புல்ங்கிற இடத்துல பிறந்தார் வேங்கடநாதன். அப்பா அனந்தசூரி, அம்மா தோதாரம்பை. சொல்லிக் கொடுத்த குரு தாய்மாமா அப்புள்ளார்.

அஞ்சு வயசு இருக்கும்போது மாமா அவரை ஒரு பெரிய சபைக்குக் கூட்டிட்டுப் போனாராம். அங்கே பாடம் சொல்லிட்டு இருந்தவர் நடாதூர் அம்மாள்ங்கிற மூத்த அறிஞர். பையனைப் பார்த்துப் பேசினதுல பெரியவருக்கு விட்ட இடம் மறந்துபோச்சு. சுத்தி உட்கார்ந்திருந்த சீடர்களுக்கும் ஞாபகம் வரலை. எந்த இடத்துல நிறுத்தினார்னு எடுத்துக் கொடுத்தது அந்த அஞ்சு வயசுப் பையன்தான். பெரியவர் அவரை மடியில உட்கார வெச்சு ஆசீர்வாதம் பண்ணார்னு வைணவ குருபரம்பரைக் கதைகள் சொல்லுது.

இருபது வயசுக்குள்ள அந்தக் காலத்துல படிக்க வேண்டியது எல்லாத்தையும் படிச்சு முடிச்சுட்டார். அப்புறம் மாமா காலமானார். குருவை இழந்த அந்த இளைஞர் காஞ்சியை விட்டுக் கிளம்பி வந்த ஊர்தான், கெடிலம் கரையில இருக்குற திருவந்திபுரம்.

மலையும் கிணறும்

அந்த ஊர்ல இருக்குற குன்றுக்கு ஔஷதகிரின்னு பேரு. நீங்க கல்யாணம் பார்க்க ஏறின அதே மலை. அங்கே உட்கார்ந்து கருடனை நினைச்சு ஜபம் பண்ணார், கல்விக்கான தெய்வம் ஹயக்ரீவர் அவருக்குக் காட்சி கொடுத்தார்ங்கிறது நம்பிக்கை. இன்னிக்கும் பரீட்சை நேரத்துல பேனாவும் நோட்டுமா பிள்ளைகளைக் கூட்டிட்டு அந்த மலை ஏறுறாங்களே, அதுக்குப் பின்னாடி இருக்குறது இந்தக் கதைதான்.

எந்த வேலையையும் செய்யத் தெரிஞ்சவர்னு அவருக்கு ஒரு பட்டம் உண்டு: சர்வதந்திர ஸ்வதந்திரர். பட்டம் இருந்தா சும்மா விடுவாங்களா? ஒரு கொத்தனார் சவால் விட்டாராம், உங்களால ஒரு கிணறு கட்ட முடியுமான்னு. கொடுத்த செங்கல் எல்லாம் அளவு சரியில்லாத கோணல் கல்லு. அதை வெச்சே கட்டி முடிச்சார் தேசிகர். வீட்டுக்குள்ள இன்னிக்கும் இருக்குற கிணறு அதுதான்னு காட்டுறாங்க.

அப்புறம் ஒரு சிற்பி வந்து, உங்க உருவத்தை நீங்களே வடிச்சுக் காட்டுங்கன்னு கேட்டாராம். அதையும் செஞ்சார். ஒரு கையில ஓலைச்சுவடியோட உட்கார்ந்திருக்குற அந்தத் திருமேனியைத்தான் திருவந்திபுரம் கோயில்ல இன்னிக்கும் வணங்குறாங்க. இந்தக் கதையெல்லாம் எந்த அளவுக்கு வரலாறு, எந்த அளவுக்குப் பக்தின்னு நீங்க கேட்கலாம். ஒண்ணு மட்டும் நிச்சயம். எழுதுற மனுஷன் கையால வேலை செஞ்சா கௌரவம் குறைஞ்சுபோகும்னு அவரைக் கொண்டாடினவங்க நினைக்கலை.

குதிரை ஓடுற கவிதை

தமிழ், சமஸ்கிருதம், பிராகிருதம், தமிழும் சமஸ்கிருதமும் கலந்த மணிப்பிரவாளம். இத்தனையிலயும் எழுதினார். மொத்தம் நூறு நூலுக்கு மேல. ராமன் சீதைக்கு அன்னத்தைத் தூது அனுப்புற ஹம்ஸ சந்தேசம், பத்து அங்கம் கொண்ட ஒரு நாடகம், கண்ணன் கதையைச் சொல்ற 24 சர்க்கக் காவியம் எல்லாம் அதுல அடக்கம்.

அரங்கனோட பாதுகையைப் பத்தி மட்டும் 1008 சுலோகம். ஒரே ராத்திரியில எழுதினார்னு மரபு சொல்லும். அதுலதான் நம்ம செஸ் பிரியர்களுக்கு ஒரு ஆச்சரியம் இருக்கு. 32 எழுத்துள்ள ஒரு சுலோகத்தை, அரை செஸ் போர்டு மாதிரி 32 கட்டத்துல ஒவ்வொரு எழுத்தா எழுதுங்க. முதல் கட்டத்துல குதிரையை வெச்சு, எந்தக் கட்டத்தையும் ரெண்டு தடவை மிதிக்காம எல்லாக் கட்டத்துக்கும் ஓட்டுங்க. குதிரை போற வழியில எழுத்துகளைச் சேர்த்துப் படிச்சா, அடுத்த சுலோகம் வந்துடும்!

இந்த விளையாட்டுக்கு அவர் முதல் ஆள் இல்லை. அவருக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே ருத்ரடர்ங்கிற கவிஞர் செஞ்சிருக்கார். ஆனா, ஐரோப்பாவுல ஆய்லர்ங்கிற கணித மேதை குதிரைப் பாதையை ஆராய்ச்சி பண்ணது 1759-ல. தேசிகர் அதுக்கு சுமார் நானூறு வருஷம் முன்னாடி அந்தப் பாதையில ஒரு கவிதையையே ஓட விட்டுட்டார்.

அரிசியில மின்னின காசு

இவ்வளவு திறமை இருந்தவர் எப்படிச் சம்பாதிச்சார்? சம்பாதிக்கவே இல்லை. வீடு வீடா அரிசி வாங்கி, அன்னன்னிக்குக் கிடைச்சதுல குடும்பம் நடத்துற உஞ்சவிருத்திதான் அவர் வாழ்க்கை. ஒருநாள் அவர் கஷ்டத்தைப் பார்த்த யாரோ, அரிசிக்கு நடுவுல தங்கக் காசு கலந்து போட்டுட்டாங்களாம். வீட்டுல மனைவி, இது என்ன மின்னுதுன்னு கேட்க, ஏதோ புழுன்னு சொல்லி ஒரு புல்லால தள்ளிவிட்டார்னு கதை.

விஜயநகரம் எழுந்து வந்த காலம் அது. அந்த அரசவையில செல்வாக்கா இருந்தவர் வித்யாரண்யர். இவரோட சின்ன வயசுப் பழக்கம்னு சொல்வாங்க. அரசவைக்கு வா, கஷ்டம் எல்லாம் தீரும்னு அவர் அழைச்சார். தேசிகர் போகலை. பதிலா வைராக்ய பஞ்சகம்னு ஒரு சின்னக் கவிதையை அனுப்பி வெச்சார். மன்னர்கள் தயவு எனக்குத் தேவையில்லைங்கிறதுதான் அதோட சாரம்.

இந்த இடத்துல ஒரு நிமிஷம் அவரோட மனைவியையும் நினைச்சுக்கலாம். அந்த வறுமையில பாதி அவங்களோடது. கதைகள்ல அவங்களுக்குக் கிடைச்சது ஒரே ஒரு கேள்விதான்.

பிணங்களுக்கு நடுவுல ஒரு ராத்திரி

1323-ல டெல்லி சுல்தானோட படை தெற்கே வந்தப்போ, ஸ்ரீரங்கம் தாக்கப்பட்டது. அப்போ தேசிகருக்கு ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். ஸ்ரீரங்கத்துல இருந்தார்.

அங்கே சுதர்சன சூரின்னு ஒரு வயசான அறிஞர். ராமானுஜரோட ஸ்ரீபாஷ்யத்துக்கு அவர் எழுதின விளக்கம் ச்ருதப்பிரகாசிகை. அந்தச் சுவடியையும் தன் ரெண்டு பிள்ளைகளையும் தேசிகர் கையில ஒப்படைச்சார் சுதர்சன சூரி. அந்தத் தாக்குதல்ல அவர் உயிர் பிழைக்கலை.

தேசிகர் என்ன பண்ணார்? செத்தவங்க உடல்களுக்கு நடுவுல, தானும் செத்தவர் மாதிரி அந்தப் பிள்ளைகளோட படுத்துக் கிடந்தார். படை போனதும் சுவடியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுக் கர்நாடகப் பக்கம் போனார். கொள்ளேகால் பக்கத்துல இருக்குற சத்தியாகாலம் அவருக்கு அடைக்கலம் கொடுத்த ஊர். அங்கே இருந்துதான் ஸ்ரீரங்கத்துக்குப் பயம் நீங்கணும்னு அபீதிஸ்தவம் எழுதினார்னு சொல்வாங்க.

யோசிச்சுப் பாருங்க. உயிரைக் கையில பிடிச்சுட்டு ஓடுற நேரத்துல நாம எதை எடுத்துட்டு ஓடுவோம்? அவர் எடுத்துட்டு ஓடினது வேற ஒருத்தர் எழுதினதை. சுதர்சன சூரிக்கு அஞ்சலி செலுத்த அவருக்குத் தெரிஞ்ச வழி அது. அந்த நூல் இன்னிக்கும் இருக்கு, படிக்கிறாங்க.

கடைசிப் பயணம்

1369, கார்த்திகை மாசம். நூறு வயசைத் தாண்டிட்டார் தேசிகர். ஸ்ரீரங்கத்துல, மகன் வரதாசாரியார் மடியில தலை; சீடர் பிரம்மதந்திர ஸ்வதந்திர ஜீயர் மடியில கால். சுத்தி இருந்தவங்க நம்மாழ்வாரோட திருவாய்மொழி சொல்லிட்டு இருக்க, அதைக் கேட்டுக்கிட்டே உயிர் பிரிஞ்சதுன்னு மரபு சொல்லுது. வாழ்நாள் முழுக்கத் தமிழ் வேதம்னு அவர் கொண்டாடினது அந்தப் பாசுரங்களைத்தான்.

மடியில தாங்கின அந்த மகன்தான் அப்பாவைப் பத்திப் பிள்ளை அந்தாதி பாடினவர். 20 பாட்டு. அந்தாதின்னா உங்களுக்குத் தெரியும், ஒரு பாட்டு முடியுற சொல்லுல அடுத்த பாட்டு தொடங்கும். அப்பாவை நினைக்க ஆரம்பிச்சா மனசும் அப்படித்தானே போகும்?

அப்பாவுக்கு அப்புறமும் அவரோட நூல்களைப் பாடம் சொல்லி, அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தது இந்த மகனும் ஜீயரும்தான். ரெண்டு நூற்றாண்டு கழிச்சு, அந்தக் கண்ணன் காவியத்துக்கு உரை எழுதினார் அப்பய்ய தீட்சிதர். அவர் பெரிய சைவ அறிஞர்! கொள்கையில தேசிகருக்கு நேர் எதிர்ப்பக்கம். ஆனா, கவிதை நல்லா இருந்தது, அதனால எழுதினார். 2019-ல இந்திய அரசு தபால் தலையும் வெளியிட்டுச்சு.

தொலைஞ்சுபோன அஞ்சு பாட்டு

இப்போ அந்த வருத்தமான விஷயத்துக்கு வர்றேன்.

திருவந்திபுரம் தேவநாதன் மேல தேசிகர் நிறைய எழுதினார். சமஸ்கிருதத்துல ஐம்பது சுலோகத்துக்கு மேல, பிராகிருதத்துல நூறுக்கு மேல. தமிழ்ல நவமணிமாலை, மும்மணிக்கோவை. இதோட இன்னும் அஞ்சு நூல் இருந்தது: பந்து, கழல், அம்மானை, ஊசல், ஏசல்.

பேரைப் பார்த்தாலே புரியுதா? எல்லாம் விளையாட்டு. பந்தடிக்கும்போது பாடுறது, கழற்சிக்காய் ஆடும்போது பாடுறது, அம்மானைக் காயைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும்போது பாடுறது, ஊஞ்சல்ல பாடுறது, ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ணிப் பாடுறது. பெண்கள் முற்றத்துல ஆடிப் பாடின வடிவங்களை எடுத்துத்தான் அவ்வளவு பெரிய அறிஞர் எழுதியிருக்கார்.

அந்த அஞ்சுல ஒண்ணுகூட இன்னிக்கு இல்லை. மும்மணிக்கோவையிலயும் பத்துப் பாட்டுதான் மிச்சம். இப்படியெல்லாம் எழுதினேன்னு நவமணிமாலையில அவரே பட்டியல் போட்டதால பேராவது தெரியுது.

எப்படித் தொலைஞ்சிருக்கும்? ஓலைச்சுவடிக்கு ஆயுசு சில நூறு வருஷம்தான். கரையான், பூச்சி, ஈரம் எல்லாம் எதிரி. அது தீர்றதுக்குள்ள யாராவது உட்கார்ந்து பிரதி எடுக்கணும். எடுக்கலைன்னா போச்சு. ஒரு கோயில்ல பழைய சுவடிகளை ஆகுதியா நெருப்புல போட்டுட்டாங்கன்னு கேட்டு உ.வே.சாமிநாதையர் துடிச்சதைத் தன் சரித்திரத்துல எழுதி வெச்சிருக்கார். படை வந்து எரிச்சதைவிட, யாரும் பிரதி எடுக்காம விட்டதாலயும் நிறைய நூல் செத்திருக்கு.

தத்துவ நூலைப் பிரதி எடுக்க சீடர்கள் இருந்தாங்க. விளையாட்டுப் பாட்டுதானேன்னு இதை யாரோ தள்ளி வெச்சிருப்பாங்களோன்னு எனக்குத் தோணும். இன்னிக்கும் நாம அதே தப்பைத்தான் பண்றோம். அவரை ஒரு பிரிவோட ஆசாரியரா மட்டும் பார்த்துப் பூட்டி வெச்சுட்டோம். உள்ளே இருந்த குறும்புக்காரக் கவிஞர் வெளியே தெரியாமலே போயிட்டார்.

அடுத்த கல்யாணத்துக்குப் போனா...

தேசிகரைத் திருவந்திபுரம் நினைக்குறது அழுகையோட இல்லை. புரட்டாசியில அவர் பிறந்த திருவோணத்தை ஒட்டிப் பத்து நாள் உற்சவம். தூரத்து ஊர்ல இருந்தெல்லாம் வந்து அவர் எழுதினதைக் கோஷ்டியாச் சொல்லிட்டு நடப்பாங்க. எழுநூறு வருஷமா ஒரு கவிதை உயிரோட இருக்குறது இப்படித்தான், ஒரு வாய் சொல்லி இன்னொரு காது கேட்டு.

நீங்க பக்தரா இருக்கணும்னு அவசியம் இல்லை. அடுத்த தடவை போகும்போது சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. அந்த வீட்டுக்குள்ள போய்க் கிணத்தை எட்டிப் பாருங்க. கோணல் கல்லை வெச்சு ஒழுங்கான ஒண்ணைக் கட்டலாம்னு காட்டின மனுஷன் அங்கே இருந்தார்.

அப்புறம் வீட்டுக்குப் போய் ஒரு வேலை. பாட்டிக்கு ஒரு ஊஞ்சல் பாட்டோ கும்மிப் பாட்டோ தெரிஞ்சா, பக்கத்துல உட்கார்ந்து போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோங்க. விளையாட்டுப் பாட்டுதானேன்னு விட்டுடாதீங்க. அந்த அஞ்சையும் அப்படித்தான் யாரோ விட்டுட்டாங்க.