ஆற்றைப் படித்த ஆர்தர் காட்டன்

பினாங்கு, ஜார்ஜ்டவுனில் உள்ள லிட்டில் இந்தியா தமிழர்களின் கடைகளும் கோயிலும் நிறைந்த பகுதியாகும். இங்குக் குடியேறிய முன்னோர் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள். அவர்களுள் காவிரிக் கரை ஊர்களைச் சேர்ந்தோரும் இருந்தனர். ஆற்றில் நீர் வந்தால் அவ்வூர்களில் விளைச்சல், வராவிட்டால் வறுமை. அந்தக் காவிரியின் போக்கை ஆராய்ந்து, தஞ்சை வயல்களுக்கு மீண்டும் நீர் கிடைக்கச் செய்தவர் சர் ஆர்தர் காட்டன்.

ஆர்தர் காட்டன் 1803-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் இராணுவப் பள்ளியில் பயின்று, பொறியாளராகத் தேர்ச்சி பெற்றார். 1821-ஆம் ஆண்டு, தம் பதினெட்டாம் வயதில் இந்தியாவுக்கு வந்தார். 1820-களின் இறுதியில் காவிரியை ஆராயும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அக்காலத்தில் தஞ்சை வேளாண்மை பெருஞ்சிக்கலில் இருந்தது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பு என்னும் இடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி, வடகிளை கொள்ளிடம். கொள்ளிடத்தின் தரை தாழ்வானது, சரிவும் மிகுதி. எனவே, ஆண்டுதோறும் அதிக நீர் கொள்ளிடத்தின் வழியே கடலுக்குச் சென்றது. நீர் குறைந்த காவிரியில் மணல் படிந்து, ஆற்றின் தரை உயர்ந்தது. தரை உயர உயர, உள்ளே வரும் நீர் மேலும் குறைந்தது. இவ்வாறு பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல நேர்ந்த மாற்றத்தால் வயல்கள் வறண்டன.

கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டுவதே இதற்கு வழி எனக் காட்டன் கண்டார். ஆனால், ஆற்றின் அடியில் பாறை இல்லை. ஆழ்ந்த மணலே இருந்தது. மணல்மீது அணை நிற்குமா என்ற ஐயம் எழுந்தது. அதற்கான விடை அருகிலேயே இருந்தது. கரிகால் சோழன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணை, பல நூற்றாண்டுகளாக மணல்மீதுதான் நிற்கிறது. காட்டன் அதன் அடித்தளத்தை ஆராய்ந்தார். பெருங்கற்களை மணலில் இட்டால் அவை தாமாகவே அமிழும். ஓர் ஆழத்திற்குமேல் அசையாமல் நிலைபெறும். அவற்றின்மேல் களிமண்ணும் கற்களும் கொண்டு அணையை எழுப்பலாம். பழந்தமிழர் கையாண்ட இம்முறையை அவர் வியந்து பாராட்டினார். அதையே தம் பணிக்கும் அடிப்படையாகக் கொண்டார்.

1836-ஆம் ஆண்டு முக்கொம்பில் மேலணை எழுந்தது. அதே ஆண்டில் அணைக்கரையில் கீழணையும் கட்டப்பட்டது. தஞ்சைக்கு நீர் கிடைத்தது, விளைச்சல் பெருகியது. கம்பெனியின் வரி வருவாயும் உயர்ந்தது.

எனினும், ஆறு புதிய பாடம் ஒன்றைக் கற்பித்தது. அணை கட்டிய சில ஆண்டுகளில் காவிரிக்குள் அளவுக்கு மீறி நீர் பாய்ந்து, அதன் தரையை அரிக்கத் தொடங்கியது. ஆகவே, மேலணையின் ஒரு பகுதி தாழ்த்தப்பட்டது. காவிரியின் தலைப்பிலும் நீரைக் கட்டுப்படுத்தும் அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. ஆற்றில் ஓரிடத்தில் செய்யும் மாற்றம் மற்றோரிடத்தையும் பாதிக்கும் என்பது இதனால் தெளிவாயிற்று.

அடுத்து, காட்டனின் கவனம் ஆந்திரத்தின் கோதாவரி ஆற்றின்மீது திரும்பியது. அப்பகுதி மக்கள் 1833-இல் கடும் பஞ்சத்தாலும் 1839-இல் புயலாலும் வாடினர். பெரிய ஆறு பக்கத்தில் ஓடியும் மக்கள் பசியால் மடிவதைக் காட்டனால் பொறுக்க இயலவில்லை. செலவு மிகுதி எனத் தயங்கிய மேலதிகாரிகளிடம் கணக்குகளை எடுத்துரைத்துப் போராடினார். உடல்நலம் குன்றிய நிலையிலும் பணியைக் கைவிடவில்லை. 1847-இல் தொடங்கிய தவளேஸ்வரம் அணை 1852-இல் நிறைவுற்றது. பஞ்ச பூமி நெற்களஞ்சியமாக மாறியது. 1861-இல் அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. தாயகம் திரும்பிய பின்னரும், இந்தியாவுக்கு இருப்புப் பாதைகளைவிடக் கால்வாய்களே முதன்மையானவை என அவர் தொடர்ந்து வாதிட்டார். 1899-ஆம் ஆண்டு, தம் 96-ஆம் வயதில் மறைந்தார். கோதாவரிக் கரையில் இன்றும் அவருக்குப் பல சிலைகள் உள்ளன.

அவர் கட்டிய மேலணை 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தையும் கண்டது. 182 ஆண்டுகளுக்குப் பின், 2018 ஆகஸ்டு 22-ஆம் நாள், கொள்ளிடத்தில் வெள்ளம் பாய்ந்தபோது அதன் ஒன்பது மதகுகள் உடைந்தன. பின்னர் அங்குப் புதிய கதவணை கட்டப்பட்டது.

இன்று உலகம் வெப்பமடைந்து வருகிறது. ஒரு பாகை செல்சியசு வெப்பம் கூடினால், காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. 2017 நவம்பரில் பெய்த பெருமழையில் பினாங்கும் வெள்ளத்தில் மூழ்கி, உயிர்ச்சேதத்தைச் சந்தித்தது. நேற்றைய வெள்ளத்தின் அளவை மட்டும் நம்பி, நாளைய வடிகாலையும் அணையையும் அமைக்க முடியாது. மழையையும் ஆற்றையும் இடைவிடாது அளந்து, மாற்றத்தைக் கண்டறிந்து, கட்டியதைத் திருத்திக்கொள்ள வேண்டும். முன்னோரின் அறிவை மதித்து, ஆற்றிடமிருந்தும் கற்ற ஆர்தர் காட்டனின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.