த்ரூஸ் அம்மையார்

கடல்மட்டத்தினும் தாழ்ந்த நிலத்தைக் கரைகட்டிக் காத்து வாழும் மக்களின் நாடு ஹாலந்து. அந்நாட்டில், பாலாடைக்கட்டிச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஆல்க்மார் நகரில், 1896-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் கெர்த்ரூடா மெய்யர் பிறந்தார். த்ரூஸ் என்பது அவரது செல்லப் பெயர். தந்தையார் மருந்துக் கடையிற் பணிபுரிந்தவர். தாயார் தையல் தொழிலில் வல்லவர். செல்வம் மிக்க குடி அன்று. ஆயினும், முதல் உலகப் போருக்குப்பின் ஆஸ்திரிய நாட்டுக் குழந்தைகள் பசியால் வாடியபோது, அங்கிருந்து வந்த குழந்தை ஒன்றை அப்பெற்றோர் தம் இல்லத்தில் ஏற்றுப் பேணினர்.

த்ரூஸ் ஆம்ஸ்டர்டாம் நகரில் வங்கி ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். அங்கே பணியாற்றிய வைஸ்முல்லர் என்பவரை 1922-ஆம் ஆண்டில் மணந்தார். மணமான பெண்டிர் வேலையை விட்டு விலகுதல் அக்கால வழக்கம், அவரும் விலகினார். மகப்பேறு வாய்க்கவில்லை. ஆதலின் ஆதரவற்ற சிறுவர்க்கும், உழைக்கும் மகளிரின் குழந்தைகட்கும் தொண்டு செய்வதிலே தம் நாள்களைச் செலவிட்டார். பதவியோ பட்டமோ அவரிடம் இல்லை. உரத்த குரலும், அஞ்சா நெஞ்சமும், எவர் முன்னும் சென்று கேட்கத் தயங்காத இயல்புமே அவருடைய உடைமைகள்.

1933-ஆம் ஆண்டில் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றினான். அன்று முதல் யூத மக்கள் அடைந்த துன்பம் சொல்லில் அடங்காது. 1938-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் இரவு அவர்களுடைய தொழுகைக் கூடங்கள் எரியூட்டப்பட்டன, கடைகள் சூறையாடப்பட்டன, ஆடவர் ஏறத்தாழ 30,000 பேர் சிறைப்பட்டனர். குழந்தைகள் எல்லைக் காடுகளில் அலைகின்றனர் என்ற செய்தி அம்மையார் செவிக்கு எட்டியது. உடனே புறப்பட்டு எல்லைக்குச் சென்றார். அழுதுகொண்டிருந்த சிறுவன் ஒருவனைத் தம் பாவாடை மடிப்பில் மறைத்து ஆம்ஸ்டர்டாமுக்கு அழைத்து வந்தார்.

அதே மாதத்தில், பதினேழு வயது நிரம்பாத குழந்தைகளைத் தன் நாட்டில் ஏற்க இங்கிலாந்து இசைந்தது. ஆயின் பெற்றோர் உடன்வருதல் கூடாது. இரக்கமும் கடுமையும் ஒருங்கே கலந்த இசைவு அது. இசைவு கிடைத்தும் வியன்னாவிலிருந்து குழந்தைகளை வெளிக்கொணர வழியில்லை. லண்டனில் அகதிகட்கு உதவி புரிந்த நார்மன் பென்ட்விச் என்பார் த்ரூஸ் அம்மையாரை வேண்டினார். அம்மையார் வியன்னாவுக்குப் பறந்தார்.

அங்கே யூதரை நாடு கடத்தும் அலுவலை நடத்தியவன் அடால்ஃப் ஐக்மன். பிற்காலத்தில் பல்லாயிரம் பல்லாயிரம் மக்களைக் கொலைக்களத்திற்கு அனுப்பியவன் அவனே. அவனை டிசம்பர் 5-ஆம் நாள் அம்மையார் நேரிற் கண்டார். அவன் அவரை இருக்கச் சொல்லவில்லை. கைகளைக் காட்டச் சொன்னான். காலணியைக் கழற்றச் சொன்னான். அறையில் முன்னும் பின்னும் நடக்கச் செய்தான். சந்தையில் மாடு பிடிப்பவன் நோக்குவதுபோல் நோக்கினான். யூதக் கலப்பு இல்லாத ஒரு பெண் யூதக் குழந்தைகளுக்காக வந்து நிற்பது அவனுக்குப் பித்தாகத் தோன்றியது. இகழ்ச்சி அனைத்தையும் பொறுத்துக்கொண்டு அம்மையார் தாம் வந்த காரியத்தையே பேசினார்.

முடிவில் ஐக்மன் ஒரு நிபந்தனை விதித்தான். வரும் சனிக்கிழமைக்குள் 600 குழந்தைகளைத் திரட்டி அழைத்துச் செல்லலாம். அது நிறைவேறினால் பின்னர் வருவோர்க்கும் வழி திறக்கும். இடையில் இருந்தவை ஐந்தே நாள்கள். சனிக்கிழமையோ யூதர்கள் பயணம் மேற்கொள்ளாத ஓய்வு நாள். இயலாது என்று எண்ணியே அவன் இதனைச் சொல்லியிருத்தல் வேண்டும்.

வியன்னா நகர யூத சங்கத்தார் இரவு பகல் பாராது உழைத்தனர். ஒவ்வொரு குழந்தைக்கும் பத்திரங்கள் வேண்டும். மருத்துவச் சான்று வேண்டும். இவற்றினும் கடினமான செயல் பெற்றோருடையது. மொழி அறியாத நாட்டில், முகம் அறியாதவர் வீட்டுக்குத் தம் மக்களைத் தாமே அனுப்பி வைக்க அவர்கள் ஒருப்பட்டனர். டிசம்பர் 10-ஆம் நாள் 600 குழந்தைகளுடன் புகைவண்டி புறப்பட்டது. எல்லையைக் கடந்ததும் ஹாலந்து நாட்டுப் பெண்கள் ரொட்டியும் இனிப்பும் சூடான கோக்கோவும் தந்து வரவேற்றனர். 500 பேர் கடல் கடந்து இங்கிலாந்தின் ஹார்விச் துறையை அடைந்தனர்; 100 பேர் ஹாலந்தில் தங்கினர்.

அதன்பின் வண்டிகள் தொடர்ந்து வந்தன. 1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் போர் மூளும்வரை ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இங்கிலாந்து சேர்ந்தனர். இப்பணியில் பலர் ஈடுபட்டனர். எனினும் வியன்னாவின் அடைத்த கதவைத் திறந்தவர் த்ரூஸ் அம்மையாரே. குழந்தைகள் அவரை அத்தை என்றே அழைத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தம் பெற்றோரை மறுபடி காணவில்லை.

1940-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் ஜெர்மானியப் படை ஹாலந்தினுள் புகுந்தது. ஆம்ஸ்டர்டாம் அநாதை இல்லத்தில் அகதிச் சிறுவர் பலர் இருந்தனர். அடைக்கலம் புகுந்த இடமே பகைவர் கையில் வீழும் நிலை. மே 14-ஆம் நாள் அம்மையார் பேருந்துகளைத் தேடிப் பிடித்து, 74 குழந்தைகளை ஐமாய்டன் துறைமுகத்திற்குக் கொண்டு சேர்த்தார். அங்கே நின்ற போடக்ராவன் என்னும் கப்பலில் அவர்களை ஏற்றினார். தாமும் ஏறியிருக்கலாம்; ஏறவில்லை. கணவர் நகரில் இருந்தார். காக்க வேண்டியவர் இன்னும் பலர் இருந்தனர். கப்பல் நங்கூரம் எடுத்த அம்மாலையிலேயே ஹாலந்து சரணடைந்தது. பகை விமானங்கள் கப்பல்மீது சுட்டன. ஐந்தாம் நாள் அது லிவர்பூல் துறையை அடைந்தது. ஹாலந்தில் எஞ்சிய அகதிக் குழந்தைகள் பலர் பின்னர்ப் பகைவர் கையில் அகப்பட்டு மாண்டனர்.

போர்க்காலத்தில் அம்மையாரை ஜெர்மானியக் காவலர் சிறையிட்டுப் பின் விடுவித்தனர். வெளிவந்தவர் சிறைமுகாம்களில் வாடியோர்க்கு உணவுப் பொதிகள் அனுப்பலானார். போர் ஓய்ந்தபின் ஆம்ஸ்டர்டாம் நகர்மன்ற உறுப்பினராய்ப் பல்லாண்டு பணிபுரிந்தார். 1966-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டின் யாத் வஷேம் நிலையம் அவரைச் சிறப்பித்தது. 1978-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் அவர் உயிர்நீத்தார். இரங்கற் குறிப்பில் அவர் ஆயிரத்தொரு குழந்தைகளின் தாய் எனக் குறிக்கப்பட்டார்.